அடி விழாமல் இருக்க அடி எடுத்து வை: குத்துச்சண்டையில் காலடியும் தூரமும்



குத்துச்சண்டை என்றதும் நம் மனத்தில் என்ன வருகிறது? சிவப்புக் கையுறை, இறுகிய முட்டி, முகத்தில் வழியும் வியர்வை. எல்லாமே கையைச் சுற்றித்தான். ஆனால் ஒரு நல்ல பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே ஓங்கிக் குத்தச் சொல்லித் தர மாட்டார்கள். "நில்லு. முன்னால போ. இப்ப பின்னால வா. காலைப் பின்னாதே!" பல நாளைக்கு இதுதான் பாடம். பையனுக்குச் சலிப்புத் தட்டிவிடும். "எப்ப சார் குத்துறது?" என்று கேட்பான். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, மறுபடியும் நடக்கச் சொல்வார்.

ஏன் இப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, படிவம் 4, 5 மாணவர்களிடம் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டால், "உடல் ஆரோக்கியம் பெறும், ஒற்றுமை வளரும், பொழுது நன்றாகப் போகும்" என்ற மூன்று வரிகளுக்கு மேல் நகர மறுக்கிறார்கள். ஒரு விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று படிப்படியாக விளக்கச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. "பின்னால போறவன் பயந்தாங்கொள்ளி" என்று நம் பையன்களில் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். குத்துச்சண்டையில் அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது மூளை.

'அடி' என்ற ஒரு சொல்

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். தமிழில் 'அடி' என்றால் பாதம். ஓர் அடி எடுத்து வைப்பதும் 'அடி'தான். நீளத்தை அளப்பதும் 'அடி'. கன்னத்தில் விழுவதும் 'அடி'. குத்துச்சண்டையின் முழுப் பாடமும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. பாதம் நகர்கிறது, தூரம் மாறுகிறது, அடி விழுவதும் விழாததும் அதைப் பொறுத்து அமைகிறது.

கால் அசைவுக்குத் தனிச் சொல் தேட வேண்டாம். சிலம்பம் பழகிய மாணவர்களுக்குக் 'காலடி' என்ற சொல் ஏற்கெனவே தெரியும். கம்பு சுற்றுவதற்கு முன்பே காலடி பழக வேண்டும் என்று ஆசான்கள் சொல்வார்கள். அதே சொல்லை இங்கும் பயன்படுத்துவோம்.

நிற்பதே ஒரு கலை

வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்காலை முன்னால் வைத்து, வலக்காலைப் பின்னால் வைத்து நிற்பார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார். அவரைச் 'சவுத்பா' என்பார்கள். எப்படி நின்றாலும் விதிகள் ஒன்றே.

இரண்டு பாதங்களுக்கும் இடையே ஏறக்குறைய தோள் அகலம் இருக்க வேண்டும். முழங்கால் இரண்டும் லேசாக மடிந்திருக்க வேண்டும். பின்காலின் குதிகால் தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்க வேண்டும். உடல் எடை இரண்டு கால்களிலும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும்.

தரையில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் அந்தக் கோட்டின் மேலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றில் நடப்பவர் மாதிரி இருந்தால், பக்கத்திலிருந்து ஒரு தட்டு தட்டினாலே சாய்ந்துவிடுவீர்கள். மாறாக, இரண்டு பாதமும் எதிராளியைப் பார்த்து ஒரே வரிசையில், சபைக்கூட்டத்தில் நிற்பது மாதிரி இருந்தால், முன்னிருந்து தள்ளினால் பின்னால் விழுவீர்கள்; நெஞ்சும் வயிறும் முழுசாகத் திறந்திருக்கும். சரியான நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முன்கால் கோட்டுக்கு ஒரு பக்கம், பின்கால் மறுபக்கம்.

பரதநாட்டியம் பயிலும் மாணவிகள் அரைமண்டியை நினைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் பாதங்கள் வேறு மாதிரி திரும்பியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழங்காலை மடித்து உடலின் பாரத்தைக் கீழே இறக்கினால் நிலை உறுதியாகிறது என்ற தத்துவம் ஒன்றே.

நகரும் விதி: போகும் திசைக்கால் முதலில்

குத்துச்சண்டையின் அடிப்படை நடையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எந்தத் திசையில் போகிறோமோ, அந்தத் திசைக்கு அருகில் இருக்கும் கால் முதலில் போக வேண்டும். மற்றது அதே அளவு பின்தொடர வேண்டும்.

முன்னால் போகும்போது முன்கால் முதலில், பின்கால் தொடரும். பின்னால் போகும்போது பின்கால் முதலில், முன்கால் தொடரும். இடப்பக்கம் என்றால் இடக்கால் முதலில். வலப்பக்கம் என்றால் வலக்கால் முதலில். அவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், உடம்பு ஒத்துழைக்காது! ஏனென்றால் நாம் தினமும் நடக்கும் நடை வேறு. சாதாரணமாக நடக்கும்போது ஒரு கால் மற்றக் காலைத் தாண்டிப் போகிறது. தாண்டும் அந்த நொடியில் இரண்டு காலும் ஒட்டியோ பின்னியோ இருக்கும். பசார் மாலாமில் காய் வாங்கப் போகும்போது அது பிரச்சினையில்லை. சண்டைத் திடலில் அந்த நொடியில் ஒரு லேசான குத்து விழுந்தாலும் ஆள் தரையில். குத்தின் வலிமையால் விழுந்தார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவரை விழ வைத்தது அவர் கால்தான்.

இன்னொரு நகர்வு, சுழற்சி. முன்காலின் முன்பாதத்தை ஆணி மாதிரி ஊன்றிக்கொண்டு, பின்காலை வட்டமாக வீசித் திரும்புவது. எதிராளி நேராகப் பாய்ந்து வரும்போது இதைச் செய்தால், அவர் வந்து சேரும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம். அவருடைய பக்கவாட்டில் இருப்போம். அவர் நம்மைக் குத்த வேண்டுமென்றால் முதலில் திரும்ப வேண்டும். நமக்கோ அவர் ஏற்கெனவே எதிரிலேயே இருக்கிறார்.

நான்கு தூரங்கள்

இப்போது தூரத்துக்கு வருவோம். இருவருக்கும் இடையே உள்ள இடைவெளியை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, எட்டாத் தூரம். யார் கையும் யாரையும் தொடாது. தொட வேண்டுமானால் கால் எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, ஜாப் தூரம். முன்கையால் நேராக வீசும் குத்துக்கு ஜாப் என்று பெயர். முன்கை எதிராளிக்கு அருகிலேயே இருப்பதால் அதுதான் சீக்கிரமாகப் போய்ச் சேரும், தூரமும் எட்டும்.

மூன்றாவது, நடுத்தூரம். நாம் ஒருவருக்கொருவர் கை குலுக்கும்போது நிற்கிறோமே, ஏறக்குறைய அந்த இடைவெளி. இங்கே எல்லாக் குத்தும் எட்டும்: நேர்க்குத்து, பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் ஹூக், எல்லாமே. ஆபத்து அதிகமுள்ள தூரம் இதுதான்.

நான்காவது, ஒட்டுத்தூரம். நெற்றி தோளில் படும் அளவு நெருக்கம். இங்கே நீளமான கை பயன்படாது. கையை மடித்துக் குறுக்காகவும், கீழிருந்து மேலாகவும் வீசும் குத்துகள்தான் வேலை செய்யும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நீளமான கை உள்ளவருக்கு இரண்டாவது தூரம் சாதகம். குட்டைக்கை உள்ளவருக்கு நான்காவது தூரம் சாதகம். ஆகவே ஒரு போட்டி முழுவதும் நடப்பது, "நாம் எந்தத் தூரத்தில் சண்டை போடப் போகிறோம்?" என்ற ஒரே வாக்குவாதம்தான். அந்த வாக்குவாதத்தைக் கால்கள் நடத்துகின்றன.

தூரம் என்றால் நேரம்

ஏன் தூரம் இவ்வளவு முக்கியம்? கண்ணால் ஒன்றைப் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, உடல் அசையத் தொடங்குவதற்கு மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. நடுத்தூரத்தில் நிற்கும் தேர்ந்த வீரரின் குத்தைப் பார்த்த பிறகு விலகலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் அதற்குள் குத்து வந்து சேர்ந்திருக்கும். அங்கே யார் கண்ணும் கையை ஜெயிக்காது.

ஆனால் எட்டாத் தூரத்தில் நிற்கும்போது கதை மாறுகிறது. அங்கிருந்து குத்த வேண்டுமென்றால் எதிராளி முதலில் கால் எடுத்து வைக்க வேண்டும். கால் நகர்ந்தால் இடுப்பு நகரும், தோள் நகரும், கடைசியில்தான் கை வரும். அந்தக் காலசைவு ஒரு முன்னறிவிப்பு. கடிதம் வருவதற்கு முன்னால் தந்தி வந்துவிடுகிறது! அரை அடி தள்ளி நின்றதால் நமக்குக் கிடைத்தது அரை அடி இடம் மட்டுமில்லை, யோசிக்க ஒரு கணமும் கிடைத்தது.

அப்படியானால் எப்போதும் தள்ளியே நிற்கலாமே என்று கேட்கலாம். நிற்கலாம், ஆனால் ஜெயிக்க முடியாது. நம்மை எட்டாதவரை நாமும் எட்ட முடியாது. ஆகையால் தேர்ந்த வீரர் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே வாழ்கிறார். எதிராளியின் குத்து மூக்குக்கு முன்னால் சில சென்டிமீட்டரில் நின்றுபோகும் அளவுக்கு மட்டும் பின்வாங்குகிறார். ஒரு மீட்டர் பின்னால் போயிருந்தால் திரும்பி வர நேரம் ஆகும். அரை அடி போனதால், எதிராளியின் கை திரும்பிப் போவதற்குள் இவர் கை உள்ளே போய்விடுகிறது.

1964: நீளமான கை தோற்ற இரவு

1964 பிப்ரவரி 25, அமெரிக்காவின் மயாமி பீச். உலக ஹெவிவெயிட் வீரர் சன்னி லிஸ்டனை எதிர்த்து 22 வயது காஷியஸ் கிளே மோதினார். இவரே பின்னாளில் முகமது அலி ஆனவர். லிஸ்டன்தான் ஜெயிப்பார் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். கிளே உயரத்தில் சற்று அதிகம். ஆனால் கைநீளத்தில் லிஸ்டனே மேல். அந்த நீளமான இடக்கையிலிருந்து வரும் ஜாபும் ஹூக்கும் பலரை வீழ்த்தியிருந்தன.

கிளே என்ன செய்தார்? லிஸ்டனின் இடக்கை கிளேக்கு வலப்பக்கத்திலிருந்து வரும். எனவே அவர் தன் இடப்பக்கமாக, அந்தக் கையைவிட்டு விலகி விலகி வட்டமிட்டார். லிஸ்டன் குத்த வரும்போதெல்லாம் அங்கே காற்றுதான் இருந்தது. ஐந்தாவது சுற்றில் கிளேயின் கண்கள் ஏதோ பட்டு எரிந்தன. சரியாகப் பார்க்கவே முடியவில்லை. அந்தச் சுற்றை அவர் கடந்தது பெரும்பாலும் கால்களால்தான். விலகிக்கொண்டே இருந்தார், கையை நீட்டி லிஸ்டனைத் தள்ளியே வைத்திருந்தார். பிறகு கண் தெளிந்தது. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் தன் முக்காலியிலிருந்து எழவில்லை. அந்த நீளமான கைக்கு அன்று எட்டும் தூரமே கிடைக்கவில்லை.

துரத்தாதே, வழியை அடை

நகரும் வீரரை எப்படிப் பிடிப்பது? இங்கே கொஞ்சம் கணிதம் உதவும்.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் கயிற்றுக்குள் உள்ள திடல் ஒவ்வொரு பக்கமும் 6.1 மீட்டர் கொண்ட சதுரம். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், எதிராளி உங்களைச் சுற்றி 2 மீட்டர் தூரத்தில் வட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வட்டத்துக்கு அவர் நடக்க வேண்டியது ஏறக்குறைய 12.5 மீட்டர். நீங்களோ நின்ற இடத்திலேயே திரும்பினால் போதும். யார் முதலில் களைப்பார்? நடுவிடத்தைப் பிடித்தவர் குறைவாக நடக்கிறார். ஓரத்துக்குப் போனவர் அதிகமாக நடக்கிறார்.

அனுபவமில்லாதவர் எதிராளியின் பின்னாலேயே போவார். அவர் இடப்பக்கம் போனால் இவரும் அவர் இருந்த இடத்துக்குப் போவார். அதற்குள் அவர் வேறு இடத்தில் இருப்பார். அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. எதிராளி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அவர் போகப்போகும் இடத்துக்குக் குறுக்காக ஓர் அடி வைப்பார். வழி அடைபட்டதும் அவர் திரும்புவார்; அந்தப் பக்கமும் ஓர் அடி. இப்படியே சதுரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு மூலை மட்டும் மிஞ்சும். வீட்டில் கோழி பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. கோழிக்குப் பின்னால் ஓடினால் ஊரைச் சுற்றலாம். வேலியோரம் ஒதுக்கினால்தான் கையில் சிக்கும்.

1974 அக்டோபர் 30 அன்று ஸயீர் நாட்டின் கின்ஷாசா நகரில் அலிக்கே இந்தச் சோதனை வந்தது. ஜார்ஜ் ஃபோர்மன் திடலை வெட்டி வழியை அடைப்பதில் வல்லவர். அவரிடமிருந்து விலகிப்போக, அவரைவிடக் கூடுதலாகக் காலடி வைக்க வேண்டியிருந்தது. இப்படியே 15 சுற்று ஆடினால் கால் தாங்காது என்பதை அலி உணர்ந்தார். ஆட்டத்தை மாற்றினார். கயிற்றில் சாய்ந்து, கைகளால் மூடிக்கொண்டு, ஃபோர்மனைக் குத்தவிட்டார். குத்திக் குத்தியே ஃபோர்மன் களைத்தார். எட்டாவது சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். உலகம் அதைப் பெரிய தந்திரம் என்று கொண்டாடுகிறது. ஆனால் அந்த இரவில் அலி தலையிலும் வயிற்றிலும் வாங்கிய குத்துகள் எத்தனை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கால் செய்ய வேண்டிய வேலையை அன்று உடம்பு செய்தது.

குட்டையானவர் என்ன செய்வது?

காலடி உயரமானவர்களுக்கு மட்டும் உரியதில்லை. மைக் டைசனின் உயரம் ஏறக்குறைய 178 சென்டிமீட்டர். ஹெவிவெயிட் பிரிவில் இது குறைவு. அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாடோ அவருக்கு வேறு பாடம் நடத்தினார்: கைகளைக் கன்னத்தோடு வைத்து, தலையைப் பக்கத்துக்குப் பக்கம் அசைத்தபடி, ஜாப் தூரத்தை விரைவாகக் கடந்து உள்ளே போ. ஏனென்றால் குட்டையானவருக்கு ஆபத்து நடுவழியில்தான். ஆற்றைக் கடப்பவன் நடு ஆற்றில் நின்று யோசிக்கக் கூடாது. 1986-இல், 20 வயதில், டைசன் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அவ்வளவு இளவயதில் அதை வென்றவர் அதற்கு முன் இல்லை.

உக்ரேன் வீரர் வசீல் லொமசென்கோவின் கதை இன்னும் சுவையானது. குத்துச்சண்டைப் பயிற்சியாளரான அவருடைய தந்தை, சிறுவனாக இருந்தபோது அவரை உக்ரேனிய மரபு நடன வகுப்புக்கு அனுப்பினார். கால் பழகட்டும் என்பதுதான் நோக்கம். அந்தச் சிறுவன் 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். பக்கவாட்டுக் கோணங்களுக்கு நழுவிப் போவதில் அவர் பெயர் பெற்றவர். ஆடத் தெரிந்த பிள்ளைக்குச் சண்டை தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

தமிழ் ரசிகர்களுக்கு இங்கே உடனே டான்சிங் ரோஸ் நினைவுக்கு வருவார். 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டையைக் காட்டிய படம். அதில் ரோஸ் துள்ளுவதும் வளைவதும் சினிமாவுக்காகக் கூட்டப்பட்டவைதான். ஆனாலும் அந்த மோதலில் கபிலனின் கை காற்றில் போகும் காட்சியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, "இப்ப ரோஸோட காலை மட்டும் பாருங்க" என்று சொன்னால், அரை மணி நேரப் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோலாலம்பூர் 1975, அதற்குப் பிறகு

இந்தக் கதைக்கு நம் ஊரிலும் ஓர் அத்தியாயம் உண்டு. 1975 ஜூலை 1 அன்று, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், முகமது அலி பிரிட்டனின் ஜோ பக்னருடன் மோதினார். 15 சுற்றுகளும் நடந்து, புள்ளிகளில் அலி வென்றார். அப்போது அவருக்கு வயது 33. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு இருக்கும்.

அதன் பிறகு நடந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் 14 சுற்று நீடித்த கொடுமையான போட்டி. 1980-இல், 38 வயதில், முன்பு தன்னோடு பயிற்சி செய்த லேரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் திடலேறினார். கால்கள் பழைய மாதிரி இல்லை. 1964-இல் லிஸ்டனுக்குக் காற்றை மட்டும் கொடுத்தவரால், அன்று ஹோம்ஸின் ஜாபிலிருந்து விலக முடியவில்லை. பத்தாவது சுற்றுக்குப் பிறகு அவர் தரப்பே போட்டியை நிறுத்தியது. 1984-இல் அவருக்குப் பார்கின்சன் நோய்க்கூறு இருப்பது தெரியவந்தது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளைக்குக் கேடு என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. கால் எதற்கு என்பது இங்கேதான் முழுசாகப் புரிகிறது. காலடி அழகுக்காக இல்லை. புள்ளிக்காக மட்டும்கூட இல்லை. அது தலைக்குப் போட்ட வேலி. கையுறை குத்துபவரின் கையைக் காக்கிறது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கிறது. ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்கும் கவசம் எதுவும் இல்லை. விழாத குத்து ஒன்றுதான் பாதுகாப்பான குத்து.

பின்வாங்கினால் கோழையா?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றும் 48, 49, 50 என அடுத்தடுத்த அதிகாரங்கள். யாரிடம் எவ்வளவு வலிமை, எப்போது, எங்கிருந்து. ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளரும் இந்த மூன்றைத்தான் சொல்லித் தருகிறார். காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சண்டைக்கிடாவை உவமை காட்டுகிறார். மோதப்போகும் கிடா பின்னால் போகிறதே, ஊக்கமுள்ளவன் அடங்கி இருப்பதும் அது போலத்தான் என்கிறார். கிடா பின்னால் போவதைப் பார்த்து யாராவது அது பயந்துவிட்டது என்பார்களா?

பின்வாங்குவதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஓடுபவர் முதுகைக் காட்டுகிறார். பின்வாங்குபவர் முகத்தைக் காட்டியபடி, கால் பின்னாமல், திரும்பிவரும் எண்ணத்தோடு போகிறார். பள்ளி வளாகத்தில் யாராவது சீண்டும்போது இரண்டு அடி பின்னால் வைத்து நின்று யோசிக்கும் மாணவன் தோற்றவன் இல்லை. தூரத்தை அவன் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. நேராகப் பின்னாலேயே போவது. சில அடிகளில் கயிறு முதுகில் இடிக்கும். ஓரிரு அடி பின்வாங்கினால் உடனே பக்கவாட்டில் விலக வேண்டும்.

2. தன் காலையே குனிந்து பார்ப்பது. கண் எதிராளியின் நெஞ்சுப் பகுதியில் இருந்தால், அவர் தோளும் தெரியும், காலும் ஓரளவு தெரியும்.

3. தேவையில்லாமல் உயரத் துள்ளுவது. பாதம் காற்றில் இருக்கும்போது திசை மாற்ற முடியாது.

4. குத்தும்போது பின்காலை விட்டுவிட்டு உடலை மட்டும் முன்னால் நீட்டுவது. இலக்கு தவறினால் நாமே போய் எதிராளி மேல் விழுவோம்.

5. குத்தி முடித்ததும் அங்கேயே நின்று ரசிப்பது. குத்து முடிந்தால் கால் நகர வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

இதில் குத்து எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். இரண்டு மாணவர்கள் எதிரெதிரே நிற்கட்டும். ஒருவர் கை நீட்டினால் விரல் நுனி மற்றவர் தோளைத் தொடும் தூரம். ஒருவர் முன்னும் பின்னும் பக்கமும் நகர, மற்றவர் அதே இடைவெளியைக் காக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து ஆளை மாற்றுங்கள். பிறகு, ஒருவர் மற்றவரின் தோளை மெதுவாகத் தொட முயல, மற்றவர் கையைப் பயன்படுத்தாமல் காலால் மட்டும் விலக வேண்டும். முடிந்ததும் உட்கார வைத்து, நடந்ததை எழுதச் சொல்லுங்கள். உடம்பு செய்ததைப் பேனா எழுதும்போது சொற்கள் தாமாக வரும்.

சொல் தெரிவு: தேர்வு எழுதுபவர்களுக்கு

எல்லா அசைவுக்கும் 'நகர்ந்தார்' என்றே எழுதாதீர்கள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது.

பின்வாங்கு: முகம் எதிராளியைப் பார்க்க, பின்னோக்கிப் போதல்.
விலகு: குத்து வரும் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் போதல்.
ஒதுங்கு: ஓரத்துக்குப் போய் வழிவிடுதல்.
நழுவு: சிக்கும் நிலையிலிருந்து வெளியேறுதல்.
அணுகு: அளந்து, கவனத்தோடு கிட்டப் போதல்.
பாய்: ஒரே வீச்சில் தூரத்தைக் கடத்தல்.

'எதிரி' என்று எழுதுவதையும் தவிருங்கள். விளையாட்டில் எதிரி கிடையாது. 'எதிராளி' அல்லது 'போட்டியாளர்' உண்டு.

இரண்டு வாக்கியங்களை ஒப்பிடுங்கள்.

அ. வீரர் வேகமாக நகர்ந்து எதிரியைத் தாக்கினார்.

ஆ. எதிராளி ஜாப் வீசியதும் அவர் பின்கால் அரை அடி பின்னே போனது, முன்கால் தொடர்ந்தது. கையுறை மூக்கருகே வந்து நின்றது. அது திரும்புவதற்குள் அவர் மீண்டும் அணுகி, வலக்கையை நேராகச் செலுத்தினார்.

இரண்டாவதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. வரிசை இருக்கிறது, காரணம் இருக்கிறது, அவ்வளவுதான். விளக்கக் கட்டுரைக்கு அது போதும்.

பயிற்சிகள்

1. 'தூரம் என்றால் நேரம்' என்ற கருத்தை ஐந்து வாக்கியங்களில் சொந்த நடையில் விளக்குக.

2. துரத்துவதற்கும் வழியை அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமையுடன் எழுதுக. (கோழி உவமை வேண்டாம், அதை நான் எடுத்துக்கொண்டேன்!)

3. பூப்பந்து, சிலம்பம், கபடி ஆகியவற்றுள் ஒன்றில் காலடி எவ்வாறு பயன்படுகிறது என்பதை 200 சொற்களில் விளக்குக.

4. "பின்வாங்குவது கோழைத்தனம்" என்ற கூற்றை ஏற்கிறீர்களா? திருக்குறளிலிருந்து ஒரு கருத்தைத் துணையாகக் கொண்டு வாதிடுக.

ஆசிரியர்கள் மூன்றாம் பயிற்சியை முதலில் கொடுத்துப் பார்க்கலாம். மாணவர் தனக்குத் தெரிந்த விளையாட்டின் காலைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால், எழுத வேண்டியது அங்கேயே கிடைத்துவிடும்.